அறுத்தெறிந்தவையும் பேணியவையும்: இருகூர் வால்வுச் சத்திரசிகிச்சை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தார், அடுத்தவர் அதனைத் திருத்தினார், மனிதகுலம் முன்னேறியது என்னும் நேர்கோட்டுப் பார்வை அது. ஆனால் கண்டறியப்பட்ட உண்மை கைவிடப்படுவதும், பல ஆண்டுகளின் பின் மீண்டும் கண்டெடுக்கப்படுவதும் விஞ்ஞான வரலாற்றில் அரிய நிகழ்ச்சிகள் அல்ல. இருதயத்தின் இடப்புறத்து இருகூர் வால்வை அகற்றிச் செயற்கை வால்வைப் பொருத்தும் சத்திரசிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அச்சிகிச்சையின்போது இருதயத்தின் தொழிற்பாட்டைப் பேணும் வழிகள் எவ்வாறு அறியப்பட்டன, எவ்வாறு புறக்கணிக்கப்பட்டன, எவ்வாறு மீண்டன என்பதையும், அவ்வரலாற்றில் நம்மைப் போன்ற வறிய நாடுகளின் இடம் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியும் வரலாறும் பயில்வோர்க்கு இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலையும், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடலமைப்பு நூலையும் தமிழில் வெளியிட்டார். உலகின் எந்தச் சத்திரவைத்தியரும் மனித இருதயத்தில் வெற்றிகரமாகத் தையலிட்டிராத காலம் அது. ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் லுட்விக் றேன் கத்திக்குத்துக்கு உள்ளான இருதயமொன்றைத் தைத்து நோயாளியைக் காப்பாற்றியது 1896இலேயே நிகழ்ந்தது. அன்று உலக மருத்துவத்தோடு உடனடித் தொடர்பு கொண்டிருந்த தமிழ், இன்று அத்துறையிலிருந்து விலகி நிற்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. சமூகத்தின் நோய் சமூக வரலாற்றின் ஒரு பகுதியே என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

வால்வின் அமைப்பு

நுரையீரலிலிருந்து வரும் தூய குருதி இடச் சோணையறையை அடைந்து, அங்கிருந்து இட இதயவறைக்குள் இறங்குகிறது. இதயவறை சுருங்கும்போது அக்குருதி பெருநாடி வழியே உடலெங்கும் செல்கிறது. சுருங்கும் வேளையில் குருதி மேலே சோணையறைக்குத் திரும்பிவிடாது தடுக்கும் கதவே இருகூர் வால்வு ஆகும். இரு மடல்களைக் கொண்ட அதன் தோற்றம் கிறித்தவ ஆயர் அணியும் தலைப்பாகையை ஒத்திருப்பதைக் கண்டு பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியசு அதற்கு 'மைற்றல்' என்னும் பெயர் பொருந்தக் காரணமானார்.

கதவு என்னும் உவமை ஓரளவுக்கே பொருந்தும். கதவின் விளிம்பு எதனோடும் கட்டப்பட்டிருப்பதில்லை. இவ்வால்வின் மடல்களின் விளிம்புகளோ பல நாண்களால் பிணிக்கப்பட்டுள்ளன. அந்நாண்கள் இதயவறையின் சுவரிலிருந்து எழும் இரு முளைத்தசைகளிற் சென்று முடிகின்றன. கப்பற்பாயைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பது போல, மடல்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடாமல் இவை பிடித்துக்கொள்கின்றன. இது மட்டுமே அவற்றின் பணி எனில், வால்வை அகற்றும்போது நாண்களையும் அகற்றுவதில் இழப்பில்லை. கயிறு பாயின்பொருட்டே உள்ளது, பாய் போனபின் கயிறு எதற்கு என்று எண்ணுவது இயல்பே. முதற்றலைமுறைச் சத்திரவைத்தியர் பெரும்பாலோர் அவ்வாறே எண்ணினர்.

ஆனால் நாண்களுக்கு வேறொரு பணியும் உண்டு. அவை வால்வின் வளையத்தை இதயவறைச் சுவரோடு இணைக்கின்றன. சுருக்கம் தொடங்கும்போது முளைத்தசைகள் இறுகி வளையத்தைக் கீழ்நோக்கி இழுக்கின்றன. இதனால் இதயவறையின் நீளம் குறைகிறது. குருதியை வெளித்தள்ளும் வேலையில் இவ்விழுப்புக்குக் கணிசமான பங்குண்டு. அமெரிக்க உடற்றொழிலியலாளர் றஷ்மரும் துணைவர்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைச் சுட்டிக்காட்டியிருந்தது. நாண்கள் அறுக்கப்பட்டால் இதயவறை தன் நீள்வடிவை இழந்து பந்துபோல் உருண்டு பருக்கிறது. அதன் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடுகிறது, தள்ளும் ஆற்றல் குறைகிறது.

விரலால் திறந்த வால்வு

வாதக்காய்ச்சலின் விளைவாக மடல்கள் ஒட்டிக்கொண்டு வழி சுருங்குவது இவ்வால்வின் முதன்மையான நோய். 1925இல் இலண்டன் நகரில் ஹென்றி சூற்றர் ஓர் இளம்பெண்ணின் சோணையறைக்குள் விரலைச் செலுத்திச் சுருங்கிய வால்வைத் திறந்தார். நோயாளி பிழைத்தார். ஆயினும் சூற்றரிடம் அவ்வகையில் வேறு எந்த நோயாளியையும் மருத்துவர்கள் அனுப்பவில்லை. இருதயத்தின் குறை வால்வில் இல்லை, தசையிலேயே உள்ளது என்பது அன்றைய மருத்துவப் பெரியோரின் கொள்கை. ஆகவே அம்முறை இருபத்து மூன்று ஆண்டுகள் உறங்கியது. 1948இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கினும், இங்கிலாந்தில் றசல் புறொக்கும் சில மாத இடைவெளிக்குள் அதனை மீட்டெடுத்தனர். கைவிடப்பட்டு மீண்ட முதல் உண்மை இதுவாகும்.

மூடிய வால்வுத்திறப்பு எனப்படும் இம்முறைக்கு இருதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, செயற்கைக் குருதிச் சுற்றோட்டப் பொறியும் வேண்டியதில்லை. ஆகவே அது வறிய நாடுகளின் சிகிச்சையாயிற்று. இலங்கையில் கொழும்புப் பெரியாஸ்பத்திரியின் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை முன்னோடியான ஏ. ரி. எஸ். போல் போன்றோரின் தலைமுறை இத்துறைக்கு அடித்தளமிட்டது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இம்முறையின் பெரும் மையமாக விளங்கியது. ஸ்ரான்லி ஜோனும் துணைவர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு இச்சிகிச்சை பெற்ற 3724 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்துரைத்தது. மேலைநாடுகளில் அக்காலத்தில் ஏறத்தாழ வழக்கொழிந்திருந்த ஒரு முறையின் நீண்டகாலப் பயனை உலகுக்கு அறிவித்த ஆவணமாக அதனைக் கொள்ளலாம்.

இங்கு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. விரலால் திறக்கும் முறையில் மடல்களோ நாண்களோ அகற்றப்படுவதில்லை. ஏழையின் சிகிச்சை எனக் கருதப்பட்ட அது, இருதயத்தின் உட்கட்டமைப்பை முழுமையாகப் பேணியது. இதற்கு எல்லையும் உண்டு. மடல்கள் நெகிழ்ச்சியுடன் இருக்கும் சுருக்க நோய்க்கே அது பொருந்தும். சுண்ணாம்பு படிந்த வால்வுக்கும், குருதி பின்னோக்கிக் கசியும் வால்வுக்கும் அதனாற் பயனில்லை. அத்தகையோருக்கு வால்வை மாற்றுவதைத் தவிர அன்று வழியிருக்கவில்லை.

மாற்று வால்வும் மறைந்த உண்மையும்

1953இல் ஜோன் கிப்பன் செயற்கைச் சுற்றோட்டப் பொறியின் துணையுடன் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்து வெற்றி கண்டதன் பின், வால்வை மாற்றும் எண்ணம் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் நீனா பிறவுன்வால்ட் என்னும் பெண் சத்திரவைத்தியர், தாம் வடிவமைத்த பொலியுறித்தேன் வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அவ்வால்வில் செயற்கை நாண்கள் இருந்தன. அவை முளைத்தசைகளோடு இணைக்கப்பட்டன. இயற்கையின் அமைப்பையே பின்பற்றிய வடிவம் அது. நோயாளி சில மாதங்கள் வாழ்ந்தார்.

அதே ஆண்டு செப்தெம்பரில் ஒறிகன் மாநிலத்துப் போற்லந்து நகரில் அல்பேட் ஸ்ரார், பொறியியலாளர் லோவெல் எட்வேட்சுடன் இணைந்து ஆக்கிய கூண்டுப்பந்து வால்வைப் பொருத்தி நீடித்த வெற்றி பெற்றார். அது எளியது, உறுதியானது. ஆனால் அதன் கூண்டு இதயவறைக்குள் நீட்டி நின்றது. எஞ்சிய மடலோ நாணோ பந்தின் அசைவைத் தடுக்கலாம் என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே மடல்களையும் நாண்களையும் முளைத்தசைகளின் நுனிகளையும் முற்றாக வெட்டியெடுப்பது வழக்கமாயிற்று. பொருத்தப்பட்ட வால்வு செவ்வனே இயங்கிய போதிலும், பல நோயாளர் போதிய குருதியைத் தள்ளவியலாத நிலைக்கு உள்ளாகி இறந்தனர்.

இதன் காரணத்தை முதலில் ஐயுற்றவர் மினசோற்றாவின் வோல்ற்றன் லிலிஹை ஆவார். பின்மடலையும் அதன் நாண்களையும் முளைத்தசைகளையும் பேணி அவர் சத்திரசிகிச்சை செய்தார். 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி சத்திரசிகிச்சை இறப்பு வீதம் 37 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. இத்துணைத் தெளிவான செய்தி அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான நிலையங்களிற் கைக்கொள்ளப்படவில்லை. இது ஏன் நிகழ்ந்தது?

மூன்று காரணங்களை நாம் சுட்டலாம். முதலாவது, ஆய்வுச் சான்றுகளின் முரண்பாடு. 1967இல் றாஸ்ரெல்லியும் துணைவர்களும் நாய்களிற் செய்த சோதனையில் நாண்களைப் பேணுவதாற் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆரோக்கியமான விலங்கின் இருதயம் தாங்கிக்கொள்வதை, ஆண்டுக்கணக்கில் நோயுற்ற மனித இருதயமும் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது. எனினும் அது ஐயத்துக்கு வலுவூட்டியது. இரண்டாவது, கருவியின் ஆதிக்கம். கிடைத்த வால்வின் வடிவத்துக்கேற்ப இருதயம் வெட்டப்பட்டது, இருதயத்துக்கேற்ப வால்வு வடிவமைக்கப்படவில்லை. மூன்றாவது காரணம் இவற்றினும் நுட்பமானது. அக்காலத்தில் இருதயத்தைக் கெடுத்த வேறொரு காரணியும் இருந்தமையால், குற்றம் எதனுடையது எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. அதனை அடுத்து நோக்குவோம்.

நிறுத்திய இருதயத்தைக் காத்தல்

வால்வை மாற்றும்போது பெருநாடியை இடுக்கியால் அடைக்க வேண்டும். அப்போது இருதயத் தசைக்குச் செல்லும் குருதியும் நின்றுவிடுகிறது. துடித்துக்கொண்டிருக்கும் தசை குருதியின்றி விரைவிற் கெடும். அதனை நிறுத்திவைத்தால் அதன் சக்தித் தேவை குறையும். இதனைக் கருதி 1955இல் இலண்டனில் மெல்றோஸ் பொற்றாசியம் சித்திரேற்றுக் கரைசலைச் செலுத்தி இருதயத்தை நிறுத்தும் முறையை அறிமுகஞ் செய்தார். கரைசலின் செறிவு மிகையாக இருந்தமையால் தசை பழுதுற்றது. 1960 அளவில் அம்முறை கைவிடப்பட்டது. பிழை அளவிலேயே இருந்தது. ஆயினும் கருத்தே பிழையெனத் தள்ளப்பட்டது.

1973இல் அமெரிக்காவில் கேயும் ஈபேட்டும் குறைந்த செறிவுடைய பொற்றாசியக் கரைசலாற் பழுதின்றி இருதயத்தை நிறுத்தலாம் எனக் காட்டினர். இலண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் ஹேர்சும் பிறெயின்பிறிட்சும் உருவாக்கிய கரைசல் 1970களின் நடுப்பகுதியிற் பயன்பாட்டுக்கு வந்தது. அத்தசாப்தத்தின் இறுதியில் கலிபோர்ணியாவின் பக்பேக் குளிர்ந்த குருதியையே கரைசலுக்கு ஊடகமாக்கினார். இவற்றின் பயனாகச் சத்திரசிகிச்சை மேசையிலேயே இருதயம் கெடுவது பெரிதும் குறைந்தது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தசைப் பாதுகாப்புக் குறைவாக இருந்தவரை, சிகிச்சைக்குப் பின்னான இருதயத் தளர்ச்சிக்கு அதுவே காரணமெனக் கூற முடிந்தது. பாதுகாப்பு மேம்பட்ட பின்னரும் சிலரின் இருதயம் தளர்ந்தபோதே, அறுக்கப்பட்ட நாண்களின் பக்கம் பார்வை திரும்பியது என்பது நமது கருத்து. ஒரு திரை விலகிய பின்னரே மறுதிரை புலப்பட்டது எனலாம்.

மீட்சி

1983இல் ரொறன்ரோவின் ரிறோன் டேவிட்டும் துணைவர்களும், பின்கசிவு நோய்க்குச் சிகிச்சை பெற்றோரில் வால்வின் உட்கட்டமைப்புப் பேணப்பட்டவர்களின் இதயவறைத் தொழிற்பாடு மேம்பட்டிருந்தமையை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் பரிசின் அலன் காப்பொந்தியே, வால்வை மாற்றாது செப்பனிடும் தம் முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1992இல் றோசிச்சும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு மேலும் தெளிவானது. நாண்கள் அறுக்கப்பட்டோரில் இதயவறை ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் குருதியின் பங்கு 60 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக வீழ்ந்தது. பேணப்பட்டோரில் அது 63இலிருந்து 61ஆக மட்டுமே மாறியது. நோயாளர் தொகை சிறிதாயினும் முடிவின் பொருள் ஐயத்துக்கு இடமற்றது.

ஆயினும் இவ்வாய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டு நோயாளரை, அதாவது மடல்கள் மெலிந்து தளர்ந்த வகையினரைச் சார்ந்தவை. வாதக்காய்ச்சலால் தடித்து, ஒட்டி, சுண்ணாம்பு படிந்த நாண்களைப் பேண இயலுமா என்பது நம் நாடுகளுக்குரிய வினா. அதற்கு விடையும் நம் பிராந்தியத்திலிருந்தே வந்தது. புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த சௌதுரியும் துணைவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வாதநோயாளரிலும் நாண்களைப் பேணல் இதயவறையின் அளவுக்கும் தொழிற்பாட்டுக்கும் நன்மை பயப்பதை நிறுவியது. முழுமையாகப் பேணல் சிறந்தது, பின்மடலை மட்டும் பேணல் அதற்கு அடுத்தது, முற்றாக அகற்றல் கடைப்பட்டது என்பதே அதன் சாரம். இயற்கை நாண்கள் பயன்படாதவிடத்துச் செயற்கை இழைகளால் வளையத்தை முளைத்தசையோடு இணைக்கும் முறையும் வழக்கில் உண்டு. நீனா பிறவுன்வால்ட்டின் செயற்கை நாண்கள் இவ்வாறு வேறு வடிவில் மீண்டன.

வால்வும் வர்க்கமும்

செயற்கை வால்வுகளின் வரலாற்றில் நம்மவரின் பங்களிப்பும் உண்டு. இலங்கையிற் பிறந்த அஜித் யோகநாதன் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில், செயற்கை வால்வுகளினூடாகக் குருதி பாயும் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிறுவகத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான வால்வு பிறிதொரு வகையிற் சிறப்புடையது. முதன் மூன்று மாதிரிகள் சோதனைகளிற் பயன்படாது போயின. நான்காவது மாதிரி 1990 டிசெம்பர் 6ஆம் நாள் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கலவைச் சட்டகமும் பொலியெதிலீன் தட்டும் கொண்ட அவ்வால்வு, இறக்குமதி வால்வுகளிலும் மலிவாகக் கிடைத்தது. பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரி. ரி. கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. தட்டுச் சாயும் வால்வாதலால், பேணப்பட்ட நாண்கள் தட்டைத் தடுக்காவண்ணம் அதனைத் திசையறிந்து பொருத்துவது சத்திரவைத்தியரின் திறனைச் சார்ந்தது.

எனினும் வால்வு மலிவதால் மட்டும் நோயாளியின் சுமை தீர்வதில்லை. உலோக வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் குருதி உறையாமைக்கான மருந்தை உட்கொள்ள வேண்டும். குருதியை ஒழுங்காகச் சோதித்து மருந்தின் அளவைத் திருத்த வேண்டும். அளவு குறைந்தால் வால்விற் குருதி உறையும், கூடினால் குருதி பெருகும். மலையகத்தின் ஒரு தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண் சோதனைக்காகப் பேருந்தேறி நகர் சென்றால் அன்றைய கூலி இல்லை. வாதநோயால் வால்வு சுருங்குவது பெண்களிடையே மிகுதி. வாபறின் என்னும் அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்கும் ஊறு செய்யவல்லது. இளந்தாய் ஒருத்திக்குத் தன் உயிர், தன் குழந்தை என்னும் இரண்டிடையே தெரிவு செய்யும் அவலம் இதனால் நேர்கிறது. இயன்றவரை இயற்கை வால்வைப் பேணல் வேண்டும் என்பது ஆகவே உடற்றொழிலியற் கொள்கை மட்டுமன்று, சமூக நியாயமும் ஆகும். 1980களில் யப்பானியரான இனூவே அறிமுகஞ் செய்த பலூன் முறை, நெஞ்சைப் பிளக்காது சுருங்கிய வால்வைத் திறக்கிறது. பழைய விரலின் வேலையை இன்று பலூன் செய்கிறது.

இலங்கையில் இலவச வைத்திய சேவை இருப்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் மட்டுமன்றி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் இருதயச் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. நமது களனிப் பல்கலைக்கழகமும் 1991இல் றாகமையில் மருத்துவ பீடத்தைப் பெற்றது. உழைக்கும் மக்களின் வரியில் இயங்கும் இந்நிறுவனங்களின் அறிவு அம்மக்களின் மொழிகளிலும் வழங்க வேண்டும் என வேண்டுவது மிகையாகாது.

வேர்

இனி வேரினை நோக்குவோம். வாதக்காய்ச்சல் பிள்ளைகளின் தொண்டையில் உண்டாகும் ஒருவகைப் பற்றீரியத் தொற்றிலிருந்து தொடங்குகிறது. நெருக்கமான, காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் அது எளிதிற் பரவுகிறது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான 'தோட்டங்கள்', களனி ஆற்றங்கரையின் வெள்ளம் புகும் குடிசைகள், பத்தடிக்குப் பன்னிரண்டடியாய் அமைந்த மலையக லயன் அறைகள் ஆகியன இந்நோய்க்கு உகந்த களங்கள். மேலைநாடுகளில் பெனிசிலின் வருவதற்கு முன்னரே இந்நோய் குறையத் தொடங்கியது. வீடுகளும் வாழ்க்கை நிலையும் திருந்தியமை அதற்கு முதன்மையான காரணமாகும். ஒருமுறை வாதக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீண்டநேரம் செயற்படும் பெனிசிலின் ஊசி ஏற்றிவந்தால், வால்வு மேலும் பழுதாவதைத் தடுக்கலாம் என்பது 1950களிலிருந்து அறியப்பட்ட செய்தி. இருந்தும் உலகில் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்வதாக அண்மைக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக சுகாதாரப் பேரவை இந்நோய் பற்றிய தீர்மானமொன்றை நிறைவேற்றியது 2018இலேயே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு பொதுப்பண்பு புலனாகும். விரலால் வால்வைத் திறத்தல் 1925இல் அறியப்பட்டு 1948 வரை உறங்கியது. பொற்றாசியத்தால் இருதயத்தை நிறுத்தல் 1955இல் அறியப்பட்டு, கைவிடப்பட்டு, 1973இல் மீண்டது. நாண்களைப் பேணல் 1964இல் அறியப்பட்டு 1980களில் மீண்டது. ஒவ்வொன்றிலும் உண்மை கண்முன் இருந்தது. அதிகாரம் பெற்ற கொள்கையும், கிடைத்த கருவியும், அரைகுறையான சான்றும் அதனை மறைத்தன. அவ்விடைக்காலத்தின் விலையைச் செலுத்தியோர் நோயாளரே.

பெனிசிலின் ஊசியும் திருந்திய வீடும் இவ்வகையில் நான்காவது உண்மை எனலாம். அதுவும் அறியப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அதனை மறைத்து நிற்பது ஆய்வின் குறைபாடன்று, சமூக அமைப்பின் குறைபாடாகும். பழுதுற்ற வால்வை அகற்றும்போது எதனைப் பேண வேண்டும் எனச் சத்திரவைத்தியர் கற்றுக்கொண்டனர். பிள்ளையின் வால்வு பழுதுறாமலே பேணுவதற்கு எதனை அகற்ற வேண்டும் என்பதைச் சமூகம் இனித்தான் கற்க வேண்டியுள்ளது. அக்கல்வியில் மருத்துவரைப் போன்றே வரலாற்று மாணவருக்கும் பங்குண்டு என்பதே நமது துணிபாகும்.